முன் அனுமதியின்றிச் சிரித்தல்

சிரிப்பைத் தடை செய்த நிறுவனங்கள் உலகில் ஏராளம். அதை முறைப்படுத்திச் சுற்றறிக்கை விட்ட ஒரே நிறுவனம் மஞ்சக்குப்பத்திலுள்ள எங்கள் மெட்ரிக் பள்ளிதான். அந்தச் சுற்றறிக்கையை எழுதிய பெருமை, தாளாளரின் உதவியாளன் என்ற முறையில் அடியேனுக்கு உரியது.

தாளாளர் சடையப்பன் பெருந்தன்மையானவர். பள்ளி வாசலில் தம் சிலையைத் திறந்துவைக்க வேறு யாருக்கும் சிரமம் தரக் கூடாதென்று தாமே திறந்துகொண்டவர். நான் நீட்டும் காகிதம் எதையும் படித்துப் பார்த்து என்னை அவமதித்ததில்லை. நேராகக் கையெழுத்துதான்.

ஆசிரியர்களுக்குத் 'தலைமைப் பண்புப் பயிற்சி' தர அவர் விரும்பியபோது, உலகப்போர்க் காலத்துப் பழைய படம் ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன். போஸ்டரில் மார்பு நிறைய மெடல்களோடு ஒரு தலைவர் நின்றார். அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? சிதம்பரம் கிளையின் ஆசிரியர்களும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது: 'தாளாளர் சிரித்த பின்னரே மற்றவர்கள் சிரிக்கலாம். அவர் நிறுத்தியதும் நிறுத்திவிட வேண்டும்.'

படம் ஓடியது. சர்வாதிகாரி தன் சிலையைத் தானே திறந்தார். சிலையின் மூக்கு உடைந்து அவர் தலையில் விழுந்தது. உடனே மந்திரிகள் மரியாதை நிமித்தம் ஆளுக்கொரு செங்கல்லை எடுத்துத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

"டிசிப்ளின்னா இது! எழுதிக்கய்யா" என்று தாளாளர் நெகிழ்ந்தார். எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் அறிவியல் ஆசிரியை பிரிசில்லா சிரித்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவர். ஆறு வருடமாகத் 'தற்காலிகம்'. அவருடைய பணி நிரந்தர ஆணை அன்று காலைதான் கையெழுத்தாகி என் ஃபைலில் இருந்தது.

விளக்கு எரிந்தது. திரையில் படம் அப்படியே நின்றது.

"யாரும்மா சிரிச்சது?"

"நான்தான் சார். காமெடிப் படம், அடக்க முடியல."

"காமெடியா? ஏன்யா சபாபதி, தலைவர் படம்னுதான சொன்ன?"

"தலைவர் படந்தாங்க. மெடல் எவ்ளோ ஜாஸ்தி பாருங்க" என்றேன்.

தாளாளர் திரையிலிருந்த உடைந்த சிலையை உற்றுப் பார்த்தார். முகம் கறுத்தது. "அப்ப என்னப் பாத்துதான் சிரிச்சியா?"

ஆசிரியர்கள் அனைவரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஐயோ, உங்கள இல்ல சார். படத்துல அந்தத் தலைவருக்குப் பின்னாடி நோட்டும் கையுமா ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க. தலைவர் தும்முனாக்கூட எழுதிக்கிறாரு. அவரப் பாத்துதான் சிரிச்சன்."

தாளாளர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிரிசில்லா சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சுற்றறிக்கைப்படி அத்தனை பேரும் சிரித்தார்கள். விதி எல்லோருக்கும் பொதுதானே, நானும் சிரித்தேன். எங்கோ சுருக்கென்று வலித்தது. அதை மட்டும் எழுதவில்லை.

"நல்ல பொண்ணுய்யா. நாளைக்கே அதுக்கு ஆர்டரக் குடுத்துடு" என்று கண்ணைத் துடைத்தபடி தாளாளர் காரில் ஏறினார்.

மறுநாள் கொடுத்தேன். 'முன் அனுமதியின்றிச் சிரித்தமைக்காகப் பணிநீக்கம்.' அடியில் தாளாளரின் கையெழுத்து, வழக்கமான பெருந்தன்மையோடு.

பிரிசில்லா இரண்டு முறை படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"அந்தப் படத்துல சர்வாதிகாரி யாருன்னு இப்பதான் சார் புரியுது" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.