பழைய சோறும் பேச்சுவார்த்தையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைப் பேச்சில் வென்றே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட அது நடந்ததில்லை. ஆனால் அப்போதெல்லாம் என்னிடம் புத்தகம் இருந்ததில்லை.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை ஆபீசில் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம் அது. எதிராளியைப் பேசி இணங்க வைப்பது எப்படி என்று முந்நூறு பக்கம். நான் மலாயாவில் ஜாசின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஆபீஸ் கடிதம் தவிர வேறு வாசிப்பு இல்லாதவன். இரண்டே நாளில் முடித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஐம்பத்திரண்டாம் வருடம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட அவசர காலம். எங்கள் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. இருட்டினால் வெளியே தலை காட்டக் கூடாது. காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் மகள் ஜெயமணி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெளியே வர ஒரு மணி நேரமாகும். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் பயந்து ஓடிவிட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு ஜாசினில் அக்கா அன்னம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள் மனைவி ராஜம்மா. நியாயம்தான். நியாயம் அவள் பக்கம் இருந்ததால்தான் எனக்குப் புத்தகம் தேவைப்பட்டது. அவர்கள் போனபின் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம். அதை மனைவியிடம் சொல்லும் வழி எந்த அத்தியாயத்திலும் இல்லை.

வெயில் காலத்தில் எதிராளிக்கு எளிய, குளிர்ந்த உணவு கொடு, மனம் இளகும் என்றது நான்காம் அத்தியாயம். எனக்குத் தெரிந்த குளிர்ந்த உணவு பழைய சோறு. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து எலும்பாய் நிற்கும் மாசி மாதம். தோட்டத்தில் நிழல் என்பதே இல்லை. முதல் நாளே சோற்றில் என் கையால் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் சின்ன வெங்காயம் உரித்தேன். கருவாடு சுட்டேன். ராஜம்மா இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, யாராவது தவறிட்டாங்களா?"

இல்லை என்று உட்காரவைத்தேன். வேண்டியதைவிடப் பல மடங்கு கேள், எதிராளி பதறி இறங்கி வருவான் என்பது ஏழாம் அத்தியாயம். ஜாசினெல்லாம் சரிப்படாது, இருவரும் கப்பலேறி நாகப்பட்டினத்தில் என் அம்மாவோடு போய் இருங்கள் என்றேன். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையில் மூன்று மாதம் இருந்தவர்கள். நான்காவது மாதமே நாங்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினோம். ஆகவே 'இந்த வேலிக்குள்ளேயே கிடக்கிறோம்' என்று அவள் கெஞ்சுவதற்காகக் காத்திருந்தேன். அடுத்து முதலில் வாய் திறப்பவன் தோற்பான் என்று புத்தகம் எச்சரித்திருந்தது.

அவள் கெஞ்சவில்லை. என் இலையில் இன்னொரு கை சோறு வைத்தாள். வாய் பேசக் கூடாதே, சாப்பிட்டேன். இன்னொரு கை வைத்தாள். ஒரு செம்பு நீராகாரம் கொடுத்தாள். பழைய சோறு தின்றவனுக்கு வரும் தூக்கம் பற்றி அந்தப் புத்தகம் எழுதியவனுக்கு என்ன தெரியும்? கண் சொக்கியது.

"நாகப்பட்டினம் ரொம்ப தூரங்க," என்றாள் மெதுவாக. "இந்த வேலிக்குள்ள பிள்ளையை வச்சிருக்கவும் முடியாது. உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம்லா. நடுவுல ஒரு இடம் பார்ப்போம்."

"நடுவுல எது?"

"ஜாசின்."

நடுவில் சந்திப்பதே நாகரிகம் என்பது பதினோராம் அத்தியாயம். என் தலை ஆடியது. தூக்கத்தில் ஆடியது என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். நான் கண் விழித்தபோது பெட்டி கட்டியாகியிருந்தது.

வேலியைத் தாண்டிக் குடிபோக அனுமதிக் கடிதம் வேண்டும். அதை டைப் அடிப்பது கிராணியின் வேலை. திங்கட்கிழமை காலை அடித்தேன். கேட்டில் போலீஸ்காரர் பெட்டியைக் கிளறிவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸில் ஏறியதும் ஜெயமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதமாகிவிட்டது. ராஜம்மா ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"தனியா இருக்கப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பிள்ளையை அக்காகிட்ட விட்டுட்டு நான் திரும்பி வந்திருப்பேனே. எதுக்குங்க அந்தப் புத்தகம்?"

நான் வாய் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அன்று மாலை தோட்டத்து ரேஷன் அரிசிப் பதிவேட்டில் என் வீட்டு எண்ணுக்கு எதிரே 'மூன்று பேர்' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'ஒருவர்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.