ஏழாம் டேங்கின் கடைசி அலாரம்

மனித குலம் இதுவரை மூன்று முறை முன்னேறியிருக்கிறது. நெருப்பைக் கண்டபோது ஒரு முறை. சக்கரத்தைக் கண்டபோது ஒரு முறை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், எங்கள் எண்ணெய் முனையத்தில் 'டிஜிட்டல் உருமாற்றப் பயிற்சி' நடந்த ஐந்து நாட்களில் ஒரு முறை.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே கணினித் திரையில் ஒரு பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரங்களில் என் மனம் பெரிய பெரிய வாக்கியங்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

கப்பலிலிருந்து வரும் பெட்ரோல் டேங்குகளில் ஏறுவதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனிப்பது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். அது வேலையே அல்ல, 'பழக்கம்' மட்டுமே என்பதைப் பயிற்சியின் முதல் நாள்தான் தெரிந்துகொண்டேன்.

பயிற்சியாளர் டிக்சன் எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் தெருவில் பம்பரம் விட்டவர். ஆறு வருடம் சிங்கப்பூரில் இருந்ததில் என்னை 'மேடம்' ஆக்கியிருந்தார். முதல் நாள் வகுப்பு மட்டும் ஹோட்டல் ஹாலில். அங்கே ஏசிக் குளிரில் எங்களைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"அலாரம் என்றால் என்ன?"

டேங்க் மேல் ஏறி அளவு நாடா விட்டுப் பார்க்கும் சுடலைராஜ் அண்ணன் எழுந்தார். "என்னமோ தப்பா நடக்குன்னு சொல்லுதது, சார்."

"தவறு. அலாரம் என்பது ஒரு கவனச் சிதறல். உங்கள் முனையத்தில் ஒரு ஷிப்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. உலகத் தரம் என்ன தெரியுமா? ஆறு. நாம் உலகத்தையே முந்தப் போகிறோம். பூஜ்யம்!"

மேலாளர் தங்கப்பாண்டி சார் எழுந்து நின்று கைதட்டினார். நாங்களும் எழுந்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முந்நூறில் பாதிக்கு மேல் வெறும் தொல்லைதான். கழிப்பறைக் கதவு திறந்திருந்தால்கூட ஒன்று அலறும். அவற்றை அணைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ருசி கண்ட பூனைக்குச் சட்டி எது, பானை எது? அதிக அலாரங்களை அணைப்பவருக்குத் தங்க நட்சத்திரம் என்று அறிவித்தார்கள். மூன்றாம் நாள் தங்கப்பாண்டி சார் சட்டையில் நான்கு நட்சத்திரங்கள் இருந்தன.

இரண்டாம் பம்பு அதிகமாக அதிர்ந்தால் ஓர் அலாரம் அடிக்கும். அடிக்காதபடி அதிர்வின் வரம்பை உயர்த்தினார்கள். பிறகும் அடித்தது. பிறகும் உயர்த்தினார்கள். கடைசியில் பம்பு வாயை மூடிக்கொண்டது.

"சார், கை வச்சுப் பாத்தேன். கெடந்து குதிக்கி," என்றார் சுடலைராஜ் அண்ணன்.

"திரையில் என்ன நிறம்?" என்று கேட்டார் டிக்சன்.

"பச்சை."

"பிறகென்ன? கையை நம்பாதீர்கள், தரவை நம்புங்கள்."

இதை எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பம்பு அறை மேசையில் இருந்த டீ தம்ளர் மட்டும் பயிற்சி பெறாததால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரே ஓர் அலாரம் மிஞ்சியது. ஏழாம் டேங்க் நிரம்பி வழியப் போகும்போது அடிப்பது. போன வருடம் அந்த டேங்கின் அளவுமானி ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. திரை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. பெட்ரோல் ஏறிக்கொண்டே போனது. இந்த ஓர் அலாரம் அடித்ததால்தான் வால்வை மூடினேன். டேங்கில் ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் முத்தையாபுரத்து வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்பிறகு, ஷிப்டு பொறுப்பாளரான என் கடவுச்சொல் இல்லாமல் அதை யாரும் அணைக்க முடியாதபடி செய்தார்கள்.

அதனால்தான் கட்டுப்பாட்டு அறையில் நடந்த இந்த நிறைவு விழாவுக்கு என் கடவுச்சொல்லும் என் விரலும் தேவைப்பட்டன. பெண்ணின் விரல் என்பதால் 'மகளிர் முன்னேற்றம்' என்று பேனரில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். பெரிய திரையில் மும்பை அதிகாரி ஒருவர் வீடியோவில் புன்னகைத்தார். ஏழாம் டேங்கில் அப்போதும் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது.

"அழுத்தும்மா. மாட்டேன்னா மாற்றத்த எதிர்க்கிறவங்க லிஸ்ட்டுல பேர் போயிரும். நாளையிலருந்து கேட்டுல நின்னு லாரி நம்பர்தான் எழுதணும்," என்றார் தங்கப்பாண்டி சார், பல் தெரியச் சிரித்தபடி.

மகளின் கல்லூரியை நினைத்தேன். கேட்டில் அடிக்கும் வெயிலை நினைத்தேன். விரல் தானாக உயர்ந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. ஏழாம் டேங்க் உச்சியிலிருந்து சுடலைராஜ் அண்ணன்.

"ஏளா எமில்டா, அழுத்துததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிரு. நான் கீழ இறங்கிக்கிடுதேன்."

விரலை இறக்கினேன்.

"மேடம்," என்றார் டிக்சன். பிறகு ஊர்ப் பேச்சுக்கு இறங்கினார். "யக்கா, அலாரம் கிராஃப் பூஜ்யத்தத் தொடணும்க்கா. இல்லன்னா எனக்கு அடுத்த காண்ட்ராக்டு கிடைக்காது."

"நான் அழுத்தல," என்றேன். மும்பை அதிகாரியைப் பார்த்து, சிக்கிய அளவுமானியைச் சொன்னேன். ஒரு சாணைச் சொன்னேன். அடுப்புகளைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் தலையசைத்துத் தலையசைத்துக் கேட்டார். முடித்ததும் கைதட்டினார். "வெரி குட்" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பக்கம் இருந்த மைக்கை விழா தொடங்கும் முன்பே அணைத்து வைத்திருந்தார்கள். மும்பைத் திரையிலும் நான் பச்சையாகத்தான் தெரிந்திருப்பேன்.

பயிற்சி மாபெரும் வெற்றி என்பதை இனி யார் மறுக்க முடியும்? மணியை அணைப்பது எப்படி என்றுதான் ஐந்து நாளும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆளை அணைப்பதற்கு அவர்களுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

"யக்கா, அவருக்கு ஒண்ணும் கேக்கல," டிக்சன் குனிந்து கிசுகிசுத்தார். "அழுத்தாண்டாம். சும்மா விரல வச்சிக்கிட்டு இரு. ஒரு போட்டோ மட்டும்."

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். கேமரா காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை மட்டும் எடுத்து வாக்கி-டாக்கியை அழுத்தினேன்.

"அண்ணே, இறங்காண்டாம். நாடாவ விட்டு அளவச் சொல்லுங்க."