எதிர்காற்றில் ஒரு வாழையிலைக் கட்டு

உத்தமபாளையத்தில் கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கோம்பையில் இது இரண்டாவது டீ. ஷானவாஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆகஸ்ட் பதினஞ்சாந்தேதி சைக்கிள் பந்தயம்ப்பா! தேவாரம் போய்த் திரும்பணும். இப்பிடி உருட்டுனா வெளங்குமா?"

"ஞாயித்துக்கிழமை சேந்து மிதிக்கிறதே பேசத்தான் மாப்ள," என்றான் கூட்டாளிகளில் ஒருவனான கர்ணன், போண்டாவைப் பிட்டபடி.

உரக்கடை வேலையில் ஷானவாஸுக்குப் பயிற்சிக்கென்று கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அடுத்த வாரம் அவனே முன்னால் போனான். ஆடிக்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. மற்றவர்களோ அவன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு சினிமாக் கதை பேசினார்கள்.

"நிமிந்து உக்காருடா, காத்து எங்க மேல அடிக்குது," என்றான் சுருளிராஜன்.

அதற்கடுத்த வாரம் அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்து விரட்டினான். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால் அவன் பங்கு போண்டாவும் தீர்ந்திருந்தது.

"ஒனக்குப் பயிற்சிதான முக்கியம்?" என்றார்கள்.

வெறுத்துப்போய்த் தனியே மிதித்தவன், பண்ணைப்புரம் தாண்டி அவரைப் பார்த்தான். அறுபது வயதிருக்கும். மட்கார்டு இல்லாத பழைய சைக்கிள். கேரியரில் ஆள் உயரத்துக்கு வாழையிலைக் கட்டு. ஷானவாஸ் பத்தடி தூரத்துக்கு நெருங்கினான். பெரியவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

"யா அல்லா, மனுசனா இவரு!"

மறுவாரம் கூட்டாளிகளை விட்டுவிட்டு அவரையே துரத்தினான். இவன் மிதிக்க மிதிக்க அவர் வேகம் கூடியது. அதற்கு அடுத்த வாரம் கண்ணுக்கே எட்டவில்லை. ஷானவாஸ் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டான். பிறந்ததிலிருந்து பார்க்கும் மலைத்தொடரைக்கூட அவன் இப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

விசாரித்துக்கொண்டே தேவாரத்துக்குப் போனான். இலைக்கடையில் அவர் மனைவி பொன்னாத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, ஐயாவுக்கு அந்த வேகம் எப்பிடி வந்துச்சு? எனக்கும் ஒரு வழி சொல்லச் சொல்லுங்க," என்று கைகூப்பினான்.

பொன்னாத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட, புஸ்ஸு புஸ்ஸுன்னு பின்னால வந்தது நீதானா? அதுவரைக்கும் ஊர்ந்துக்கிட்டே வந்த எங்க வீட்டுக்காரவுக, எவனோ இலைக்கட்டப் பறிக்க வாரான்னு பயந்து மிதிச்சு மிதிச்சு, இப்ப பதினஞ்சாந்தேதி பந்தயத்துக்கே பேரு குடுத்துட்டாகளே!"