வெள்ளிக்கிழமை ஒன்றேகால் மணி

கோகுலனின் தட்டில் இருந்த எண்ணெய் இன்று கலைய மறுத்தது.

மற்ற நாளில் அது கலையாமல் இருந்தால்தான் நியாயம். அடியில் மின்சூடு விடாமல் ஏற, மேலே குளிர்ந்திருக்க, மெல்லிய எண்ணெய்ப் படலம் தானாகவே தேன்கூடு போல அறுகோணங்களாகப் பிரிந்து நிற்கும். சூடு ஓடும்வரை அந்த ஒழுங்கு நிலைக்கும். வெப்பவியலின் இரண்டாம் விதிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு மட்டும் கூடு கலைந்துவிடும். மூன்று மணிக்குள் திரும்ப வந்துவிடும். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் கெலுகோர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமே காலியாகும் அந்த நேரத்தில், தட்டுக்கு நேர் மேலே மாட்டிய கேமரா மட்டும் அதைப் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்கக் கோகுலனுக்கு நான்கு வருடமும் முந்நூறு பக்கமும் ஆயின. அவனுடைய முனைவர் பட்டம் அதில்தான் தொங்கியது.

நேரில் பார்க்கத் தேர்வாளர் டாக்டர் சந்திரிகா வந்திருந்தார்.

"ஒன்றரை ஆச்சு கோகுலன்."

"இப்ப உடைஞ்சிடும் டாக்டர்."

வெளிக்காற்றுதான் கெடுக்கிறதோ என்று கதவைச் சாத்தினான். கூடு இன்னும் துலக்கமானது. ஏர்கோன் குளிரைக் கூட்டினான். கோடு போட்டு வரைந்தது போல ஆனது.

கதவு லேசாகத் திறந்தது. கூட்டித் துடைக்கும் ஹாஜரா எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா! அப்புறம் வாங்க லா!"

இரண்டு மணிக்குக் கோகுலனுக்கு அழுகை முட்டியது. யாரும் பார்க்காதபோது தட்டை முழங்கையால் இடித்தான். கூடு கலைந்தது. ஐந்தே நிமிடத்தில் சமர்த்தாகத் திரும்பி வந்தது.

"இப்ப இடிச்சது நீங்கதானே?"

"கை தவறிடுச்சு டாக்டர்."

"கூடு ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது எல்லாப் பாடப் புத்தகத்துலயும் இருக்கறதுதான். நீங்க எழுதின அதிசயம் எங்க?"

கோகுலன் தட்டையே முறைத்தான். உலகத்தில் எல்லாம் குலைகிறது, என் வாழ்க்கையும் சேர்த்து. குலைய வேண்டிய இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படிக் கல்லாக நிற்கிறது?

சந்திரிகா பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே ஹாஜரா ரைஸ் குக்கரை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"கெளம்பிட்டீங்களா டாக்டர்? பெரியவங்க உள்ள இருக்கீங்களேன்னுதான் இன்னைக்கு அந்தத் தட்டு பிளக்கைப் பிடுங்கல. வெள்ளிக்கிழமைன்னா நான் அந்தப் பாயிண்ட்ல குக்கரைச் சொருகித்தானே சோறு வைப்பேன்!"