யானம் இரண்டு விரற்கடை

பஞ்சநாதன் சாம்பார்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் மாற்றல் உத்தரவு இருந்தது. அதைச் சொல்லத்தான் சமையலறைக்கு வந்தார், ஆனால் வாய் வரவில்லை.

"புளி கரைசல் திக்கா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

காரைக்காலில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவருக்கு ஒருவழியாகச் சூப்பரின்டெண்ட் பதவி வந்திருந்தது, ஆனால் யானத்தில். புதுச்சேரி மாநில உத்தியோகத்தில் இது ஒரு கிரகம். காரைக்கால் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் இருக்கிறது, மாஹே மலையாளத்தில் இருக்கிறது, யானம் ஆந்திராவில் இருக்கிறது. ஆனாலும் எல்லாம் ஒரே மாநிலம், எங்கே தூக்கிப் போட்டாலும் மறுபேச்சுப் பேச முடியாது.

அவருக்குப் போக ஆசைதான். மனைவி அமுதத்தை நினைத்தால்தான் பயம். யானம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அழுது புலம்பி நிறுத்திவிடுவாள். அவர் நின்றால் அந்த நாற்காலி அடுத்த மேஜை சுவாமிநாதனுக்குப் போகும். சுவாமிநாதனை 'சார்' என்று கூப்பிடுவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தவிர, அவர் இல்லாமல் அந்த வீடு என்ன ஆகும்! ஸ்டவ் திரியை எவ்வளவு ஏற்றலாம், பக்கத்து வீட்டு ஆரிபாவோடு எவ்வளவு நேரம் பேசலாம் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடந்தது. ஆரிபாவோடு அமுதம் வியாழக்கிழமைதோறும் நாகூர் தர்காவுக்குப் போவதற்கு மட்டும் அவர் தடை சொன்னதில்லை. புருஷனின் பதவி உயர்வுக்கு வேண்டிக்கொள்கிறவளை யார் தடுப்பார்கள்?

மறுநாள் அலுவலகச் சுவரில் தொங்கிய மாநில வரைபடத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அதில் நான்கு ஊர்களையும் நான்கு பெட்டிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"அமுதம், எனக்குச் சூப்பரின்டெண்ட் ஆயிடுச்சு. யானத்துல."

"யானமா?" அமுதத்தின் கண் விரிந்தது. "அது எங்கங்க இருக்கு?"

"இந்தா பாரு. இது காரைக்கால். இது யானம். ரெண்டு விரற்கடை."

அமுதத்தின் முகம் சட்டென்று வாடியது. "அவ்வளவு கிட்டவா? அப்ப சாயந்தரம் வீட்டுக்கு வந்துடுவீங்களா?"

என்ன பாசம்! பஞ்சநாதன் உருகிப்போனார். "ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன். நீ கவலைப்படாதே."

அமுதம் உள்ளே போனாள். ஒரு பாத்திரம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

காலையில் பார்த்தால் அவள் வரைபடத்தின்மேல் கையை விரித்து வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, நம்ம கோவில்பத்துலேருந்து அம்பகரத்தூர் ஒரு சாண் இருக்கு. யானம் ரெண்டு விரற்கடைதான் இருக்கு. அம்மனைக் கும்பிட பஸ் ஏறிப் போறோமே, அதைவிடவா யானம் கிட்ட?"

பஞ்சநாதனுக்கு வியர்த்தது. "அது வந்து, அளவுத்திட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு அளவு. மாஹே கையகல ஊரு, அதைப் பெரிசாக்கிப் போட்டுருக்கான்."

"சரி. இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல வெள்ளைக் காயிதம் இருக்கே, அது எவ்வளவு தூரம்?"

"அதுக்கு... அளவு கிடையாது."

"அளவே கிடையாதா!" அமுதத்தின் முகம் மலர ஆரம்பித்தது. அழுகைக்கு முன்னால் வரும் பதற்றம் அது என்று பஞ்சநாதன் முடிவு கட்டினார். உடனே ஆரிபா வீட்டுக்கு ஓடினார். ஆரிபாவின் கணவர் ஜித்தாவிலிருந்து அனுப்பிய காலண்டரில் உலகப் படம் இருந்தது. அதை வாங்கி வந்து தரையில் விரித்து, காரைக்காலும் யானமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொத்துக்கடலையை வைத்தார்.

"பாத்தியா? ரெண்டு ஊரும் ஒரு கடலைக்கு அடியில அடங்கிடுச்சு. இன்னொண்ணு கேளு. பூமி உருண்டை. உருண்டையை இழுத்துத் தட்டையாக்கினா வடக்க இருக்கறதெல்லாம் நீண்டு போயிப் பெரிசாத் தெரியும். யானம் நமக்கு வடக்கதானே? அப்ப நெசத்துல இன்னும் கிட்ட!"

ஒரு பூகோள வாத்தியார் அந்த வழியாகப் போயிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நல்லவேளையாக யாரும் போகவில்லை.

அமுதம் கடலையையே பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"வேணாங்க. அந்த உத்தியோகமே வேணாம்."

"ஏன்?"

"தெனம் போயி தெனம் வந்தா உடம்பு என்னத்துக்கு ஆவும்? எழுதிக் குடுத்துடுங்க. சுவாமிநாதனே போவட்டும்."

பஞ்சநாதனுக்கு நெஞ்சே நின்றுவிடும்போல இருந்தது. பக்கத்தில் என்று சொல்லச் சொல்ல, நாற்காலி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. இனி உண்மையைத் தவிர வேறு வழியில்லை.

"தெனமெல்லாம் வரமாட்டேன் அமுதம். வரவே முடியாது. நான் சொன்னதெல்லாம் பொய். மாயவரம் போயி ரயிலேறி, மெட்ராஸ்ல ரயில் மாறி, ஆந்திராவுல இறங்கி, அங்கேருந்து பஸ். தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தா உண்டு."

அமுதம் கதவைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது.

"நெசமாவா?"

"சத்தியமா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "உங்க உத்தியோகம்தாங்க முக்கியம். நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன். போயிட்டு வாங்க."

பஞ்சநாதன் கூனிக் குறுகிப்போனார். இவளிடமா பொய் சொன்னோம்! அன்று பால் பாயசம் வைத்தாள். திரி எவ்வளவு எரிந்தது என்று அவர் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அது முதல் தடவை.

புறப்படும் நாளில் அமுதமும் ஆரிபாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பஞ்சநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார். அமுதம் அவருக்கு வெற்றிலை வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தாள்.

"ஆரிபா, அமுதத்தைக் கொஞ்சம் பாத்துக்கம்மா. என்னை விட்டுட்டு இருக்கமாட்டா. இந்த உத்தியோகம் அவ நாகூர்ல வேண்டிக்கிட்ட பலன்தான்."

பஸ் உறுமியது. ஆரிபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மனம் நிறைந்து சொன்னாள்:

"ஆமாண்ணே, 'உத்தியோகம் ஒசந்தாலும் ஒசராட்டியும் இவரைத் தூரமா மாத்தி வுடுங்க ஆண்டவரே, மாஹேன்னாகூட போதும்'னுதான் அக்கா கேட்டாங்க, நாகூர் எசமான் அதுக்கு மேலயே குடுத்துட்டாங்க!"