எல்லாமே முக்கியம்

புத்தகம் வாசிக்கிறவர்களில் கோடு போடுகிறவர் என்றொரு வகையறா உண்டு, அறிவீர்களா? புத்தகத்தைத் திறக்குமுன் பேனையைத் திறப்பார். நல்ல வரியொன்று கண்ணில் பட்டால் போதும், அது ஓடிவிடப் போகிறது என்பதுபோல அடியில் ஒரு கோட்டை இழுத்துக் கட்டிப்போடுவார். யோசிப்பாரா? அதற்கு நேரமேது, அடுத்த வரி காத்திருக்கிறதே.

நிந்தவூர் மசூர் மாஸ்டர் இந்த வகையறாவில் முதல் ஆள். தொண்ணூற்றாறில் பள்ளிக்கூட அதிபராவதற்கான பரீட்சைக்கு அவர் படித்த படிப்பை ஊரே அறியும். ஏற்கனவே இரண்டு தடவை தவறிவிட்டது. வயதெல்லை வந்துவிட்டதால் இதுதான் கடைசி. இதுவும் போனால், தன்னிடம் படித்தவன் அதிபராக வந்து உட்கார, அவனிடம் லீவுக் கடிதம் நீட்டவேண்டிவரும். ஆகவே முக்கியமானதற்குச் சிவப்பு, மிக முக்கியமானதற்குப் பச்சை, விட்டால் மோசம் என்பதற்கு நீலம் என்று கோடு போட்டு, போட்டதையெல்லாம் பதினொரு தடித்த சீ.ஆர். கொப்பிகளில் முத்து முத்தாக எழுதி, கொப்பிகளுக்கு உறை போட்டு, உறைக்கு இலக்கமும் இட்டு, கடைசியில் கொப்பிக்குள்ளேயும் கோடு போடத் தொடங்கினார்.

"இதில எது முக்கியம்?" என்று மனைவி ஜுனைதா கேட்டாள்.

"எல்லாமே முக்கியந்தான்."

"அப்ப கோடு என்னத்துக்கு?"

"உனக்கு இது விளங்கா புள்ள."

பரீட்சையில் வந்த பெரிய கேள்வி இது: நெல் விளையும் கிராமமொன்றில் விவசாயத்துக்கும் மாணவர் வரவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்க. மாஸ்டருக்குச் சந்தோஷம் தாளவில்லை. நெற்செய்கை மூன்றாம் கொப்பி, மாணவர் வரவு எட்டாம் கொப்பி, இரண்டுக்கும் நீலக் கோடு. மூன்றை எழுத்துப் பிசகாமல் எழுதினார். எட்டையும் எழுதினார். நடுவில்? ஒரு வரி இடம் விட்டார்.

வீட்டுக்கு வந்து கேள்வியைச் சொன்னார். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த ஜுனைதா தலை நிமிரவில்லை.

"வயல் வெட்டுத் தொடங்கினா அரைவாசிப் புள்ளைகள் பள்ளிக்கு வாறல்லதானே. வருசா வருசம் இடாப்பைப் பார்த்து நீங்கதானே ஏசுற."

இருபது வருடமாக ஒவ்வொரு அறுவடை வெட்டுக்கும், வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே வரவு இடாப்பில் அடையாளம் போட்டது மாஸ்டருடைய கைதான். ஒரு கொப்பியிலும் அது இல்லை. கடைசிச் சந்தர்ப்பம் போய்விட்டதென்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது, பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. கண் கலங்கிப்போயிற்று. பிறகு என்ன செய்தார் தெரியுமா?

"கொஞ்சம் பொறு, மெதுவாச் சொல்லு," என்று பன்னிரண்டாம் கொப்பியைத் திறந்து, அவள் சொன்னதை எழுதி, அடியில் நீலக் கோடு போட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதில் உங்களுக்குப் பிடித்த வரி எதுவென்று கேட்டால் உடனே விரல் வைத்துக் காட்டிவிடுவீர்கள். இது உங்கள் வீட்டில் யாருடைய கதை என்று கேட்டால்தான், பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவீர்கள்.