கயிறு கட்டிய கை

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. சந்தனராஜ் வாத்தியாருக்கு எந்தக் கை என்பது மறந்து போயிற்று.

விரல்கள் மறக்கவில்லை. மூன்று விரலை ஒன்றுக்கொன்று குறுக்காக விரிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் காந்தத்தின் திசை, நடுவிரல் மின்சாரத்தின் திசை. கட்டைவிரல் காட்டும் பக்கம் கம்பி துள்ளும். ஆனால் இடது கையா, வலது கையா? போன மாதம் ஐந்தாம் பாரத்துப் பையன்களுக்குத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். என்ன செய்வது, மனுஷனின் புத்தி பாதி நேரம் ஆகாயத்தில்தான் மேயும்.

வேலையோ டெம்பரவரி. இன்றைக்கு இன்ஸ்பெக்டர் தலையசைத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊரான ஆவூருக்குத் திரும்பி, அண்ணனுடைய வரகுக் காட்டில் களை பறிக்க வேண்டியதுதான்.

"பெரியகருப்பா, பாட்டரிய எடு!" என்று பியூனை விரட்டினார். லாடக் காந்தத்தின் நடுவே செம்புக் கம்பியைத் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சினார். கம்பி துள்ளிய பக்கத்தை இரண்டு கையாலும் ஒத்துப் பார்த்தார். இடது கைதான்!

"அப்பாடா! மறக்குறதுக்குள்ள இடது கையில ஒரு கயித்தக் கட்டிவிடப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

வெளியே குளத்துத் தண்ணீரில் வெயில் நெளிந்துகொண்டிருந்தது. மேகம் ஒன்று வடக்கே போயிற்று. பூமியே ஒரு பெரிய லாடக் காந்தத்துக்கு நடுவே மிதப்பதாக அவருக்குத் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத கோடுகள் மேகத்திலிருந்து கிளம்பி, பனைமரங்களுக்குள் புகுந்து, தம் நெஞ்சு வழியாக வெளியே போவதை அவர் கண்டார். ரொம்பச் சுகமாக இருந்தது.

"ஆம்பளைக்குப் போயி இடது கையில கயிறு கட்டுவாங்களா? மறதியில சொல்றாரு" என்று முணுமுணுத்த பெரியகருப்பன், அவருடைய வலது கையை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டான்.

மணி அடித்தது. பையன்கள் வந்து பெஞ்சுகளில் நிறைந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

சந்தனராஜ் கயிற்றைப் பார்த்தார், தெம்பு வந்தது. அந்தக் கையிலேயே விரல்களை விரித்தார். "கம்பி இப்பப் போர்டுப் பக்கம் துள்ளும்."

இன்ஸ்பெக்டர் பக்கம் துள்ளியது.

"ஒயர் மாறியிருக்கு." மாற்றிப் போட்டு, மறுபடி விரித்தார். "இப்ப ஐயா பக்கம்."

போர்டுப் பக்கம் துள்ளியது.

"இந்தப் பியூன் காந்தத்தத் திருப்பி வச்சுத் தொலைச்சிட்டான்." பாவம், பழி அவன் தலையில். காந்தத்தைத் திருப்பினார். "இப்ப நிச்சயமாப் போர்டுப் பக்கம்!"

நிச்சயமாக இன்ஸ்பெக்டர் பக்கம்.

"வேணும்னா போர்டத் தூக்கி இங்கிட்டு வச்சிரச் சொல்லட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பையன்களுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "இடது கை, சார்!" என்று நாற்பது பேரும் எழுந்து, நாற்பது இடது கையை நீட்டி மூன்று விரலை விரித்தார்கள். கண்மாயில் கொக்குக் கூட்டம் எழும்பியது போலிருந்தது. எவ்வளவு அழகு என்று ஒரு நொடி சொக்கிப் போனார் சந்தனராஜ். அடுத்த நொடி தூக்கிவாரிப் போட்டது. பெரிய மனுஷர் மூஞ்சிக்கு நேரே பீச்சாங்கையை நீட்டுகிறான்களே!

"எறக்குங்கடா கைய!" என்று அலறினார்.

இன்ஸ்பெக்டர் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்விட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சந்தனராஜ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். வரகுக் காடு காற்றில் அசைந்தது. அண்ணன் களைக்கொத்தியை நீட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரியகருப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"சார், ஒங்க வேலை நிரந்தரமாம்! வேணும்னே தப்பாச் செஞ்சு, பயலுக வாயாலயே சரியானதச் சொல்ல வச்ச வாத்தியார இப்பத்தான் பாக்குறேன்னாரு இன்ஸ்பெக்டர் ஐயா. சனிக்கெழம ஜில்லா வாத்தியாருக அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி, அதே தப்ப அப்புடியே மாறாமச் செஞ்சு காட்டணுமாம்!"